ஆர்த்தோ பிசியோதெரபி: பட்டம் வாங்கிய பிறகு முதல் ஆண்டு

பி.பி.டி. நான்கு ஆண்டுப் படிப்பையும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பையும் முடித்துவிட்டு, கோவில்பதாகையில் வீட்டோடு இருக்கும் ஒருவருக்கு இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரியிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ எம்.பி.டி. ஆர்த்தோ சேர்வது. இரண்டாவது, ஆவடி, அம்பத்தூர் பக்கம் சி.டி.எச். ரோட்டில் போர்டு மாட்டியிருக்கும் ஏதாவது கிளினிக்கில் கிடைத்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுவது. பெரும்பாலானோர் இரண்டாவதைச் செய்துகொண்டே முதலாவதைப் பற்றி யோசிக்கிறார்கள். இடையில் சனி, ஞாயிறு நடக்கும் மேனுவல் தெரபி வகுப்புகளுக்குக் கடன் வாங்கிப் போய்ச் சான்றிதழ்களைச் சேர்க்கிறார்கள்.

இந்த அத்தியாயம் மூன்றாவது ஒரு வழியைச் சொல்கிறது. வெளிநாடுகளில் இதை ரெசிடென்சி என்கிறார்கள். அந்தப் பெயரில் நம் பக்கம் பரவலான ஏற்பாடு இல்லை. ஆனால் அதன் உள்ளடக்கத்தை, அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் இருந்துகொண்டே ஒருவர் ஓராண்டில் தனக்கென அமைத்துக்கொள்ள முடியும். அதற்கு முதலில் தேவை, வாரம் மூன்று மணி நேரம் உங்கள் பக்கத்தில் நிற்கச் சம்மதிக்கும் ஒரு மூத்தவர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று மணி நேரக் கணக்கு

அமெரிக்காவில் பிசியோதெரபி ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 1,800 மணி நேரம். அதில் 300 மணி நேரம் பாடம், 1,500 மணி நேரம் நோயாளிகள். அந்த 1,500க்குள் 150 மணி நேரமாவது ஒரு வழிகாட்டியோடு கழிய வேண்டும். 150 மணி நேரத்தை ஓராண்டின் ஐம்பது வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு மூன்று மணி நேரம்.

பாடத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நோயாளிகள் நம் பக்கம் ஏராளம்.  இங்கே இல்லாதது அந்த 150 மணி நேரம் மட்டும்தான். ஒரு நாளைக்கு இருபது பேரைப் பார்த்தும், தான் செய்தது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லாமல் மூன்று வருடம் போய்விடுகிறது. மூன்று வருட அனுபவம் என்று சர்டிபிகேட்டில் எழுதிக் கொடுப்பார்கள். கைக்கு அந்த அனுபவம் வந்து சேர்ந்திருக்காது.

பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையை அங்கே வளர்த்தெடுத்தார். ஒரு வேலை செய்துகொண்டிருந்த தசைநாணை எடுத்து வேறிடத்தில் தைத்தால், அந்தத் தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அறுவை சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்தாலும் அதற்குப் பின்வரும் வாரங்களில் தெரபிஸ்ட் கோட்டைவிட்டால் கை பழைய நிலைக்கே போகும். அதனால் சர்ஜனும் தெரபிஸ்டும் ஒரே கையை ஒரே நேரத்தில் பார்க்கும் பழக்கம் அங்கே உண்டானது. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடி தசைநாண் சிகிச்சைகளைச் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையை வேலூரில் நிறுவினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பதற்கு நம் மாநிலத்திலேயே இவ்வளவு நல்ல முன்மாதிரி இருக்கிறது.

இடம் பார்ப்பது

ஒரு கிளினிக்கில் சேரும்முன் ஒரு மாலை நேரம் அங்கே போய் வெறுமனே உட்காருங்கள். வருகிற நோயாளி கட்டிலில் படுத்ததிலிருந்து எழுந்து போகும்வரை கவனியுங்கள். கழுத்து வலிக்கும் ஐ.எஃப்.டி., இடுப்பு வலிக்கும் ஐ.எஃப்.டி., முட்டிக்கு அல்ட்ராசவுண்ட், எல்லோருக்கும் ஹாட் பேக் என்று வரிசையாக நடந்தால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ‘கரண்ட் வைக்கிற இடம்’ என்று ஜனங்கள் பிசியோ கிளினிக்கைச் சொல்வதற்கு இந்த வரிசைதான் காரணம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டுதலில், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இன்டர்ஃபெரன்ஷியல் (ஐ.எஃப்.டி.) மூன்றையுமே தர வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சிக்கு முதலிடம் தந்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு கிளினிக் மிஷின்களை மட்டுமே நம்பி நடந்தால், அந்த நடைமுறையை மாற்றும் அதிகாரம் புதிதாகச் சேரும் உங்களுக்கு இருக்காது. வேறு இடம் பாருங்கள்.

நல்ல இடத்துக்கு அடையாளம், முதல் நாள் நோயாளியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடமாவது அவரோடு பேசுகிறார்கள். கோனியோமீட்டர் டிராயருக்குள் தூங்காமல் மேசை மேல் கிடக்கிறது. ஆபரேஷன் நோட்டை வாங்கிப் படிக்கிறார்கள். சர்ஜனுக்குப் போன் போட்டுப் பேசும் துணிச்சல் அங்கே இருக்கிறவர்களுக்கு இருக்கிறது. எலும்பு முறிவுக்குப் பிளேட் போட்டிருக்கிறதா, ராட் போட்டிருக்கிறதா, எப்போது காலை ஊன்றலாம் என்று சர்ஜன் எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் தெரியாமல் நடக்கவைக்கிற இடத்தில் ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

கோவில்பதாகையிலிருந்து பார்த்தால் மூன்று திசைகள். ஆவடி ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் சென்னை மருத்துவக் கல்லூரியும். பருத்திப்பட்டு, காடுவெட்டி, சென்னீர்குப்பம் வழியாகப் பூந்தமல்லி போனால், அங்கிருந்து வேலப்பன்சாவடி, தண்டலம், போரூர் என்று பிசியோதெரபி கல்லூரிகளோடு கூடிய மருத்துவமனைகள். மூன்றாவது திசை பக்கத்திலேயே இருக்கிறது: ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூரில் உள்ள சிறு ஆர்த்தோ மருத்துவமனைகள். பெரிய மருத்துவமனையில் பார்வையாளராக நிற்கத் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி முறையாக அனுமதி வாங்குங்கள். தெரிந்தவர் மூலம் உள்ளே நுழைந்து நிற்காதீர்கள், நோயாளியின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டது. என் யோசனை, சம்பளத்துக்குப் பக்கத்து மருத்துவமனை, வாரம் ஒரு நாள் பெரிய மருத்துவமனை. தினமும் போரூர் போய்வந்தால் படிக்கிற நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். “கத்துக்க வர்றீங்க, சம்பளம் எதுக்கு” என்று கேட்கும் இடங்கள் உண்டு. அங்கே நீங்கள் தனியாக நோயாளி பார்க்கப்போகிறீர்கள் என்றால் அதற்குச் சம்பளம் உண்டு. வாங்கும் தொகை குறைவாக இருக்கலாம். ஆனால் வேலை நேரம், விடுமுறை, வழிகாட்டியின் மூன்று மணி நேரம், இவை மூன்றும் ஒரு தாளில் எழுத்தில் இருக்கட்டும். மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேராதீர்கள்.

வழிகாட்டியோடு ஒன்றரை மணி நேரம்

வழிகாட்டியாக யாரைக் கேட்பது? பெரிய பெயர் உள்ளவரைவிட, தினமும் கை வைத்து நோயாளி பார்க்கிறவர் மேல். எம்.பி.டி. ஆர்த்தோ படித்து ஏழெட்டு வருடமாவது ஆனவராக இருந்தால் நல்லது. “சார், உங்ககிட்ட கத்துக்கணும்” என்று பொதுவாகக் கேட்டால் “தாராளமா வாம்மா” என்பார், அதோடு முடிந்துவிடும். “சார், புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஒன்றரை மணி நேரம், நான் பார்க்கிற புது நோயாளியை நீங்க பக்கத்துல நின்னு பார்க்கணும்” என்று கேளுங்கள். குறிப்பிட்டுக் கேட்டால்தான் அவரால் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல முடியும்.

அந்த நேரம் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் இருபது நிமிடம் நீங்கள்தான் நோயாளியைப் பார்க்கிறீர்கள்; வழிகாட்டி ஓரமாக நிற்கிறார், வாய் திறப்பதில்லை. பிறகு இருவரும் திரைக்கு வெளியே வருகிறீர்கள்.

“என்ன நினைக்கிற?”

“ஃப்ரோசன் ஷோல்டர் சார்.”

“அது ஒண்ணு. வேற என்னவா இருக்கலாம்? ரெண்டு சொல்லு.”

“ரொட்டேட்டர் கஃப்... இல்லன்னா கழுத்துலேர்ந்து வர்ற வலி.”

“கழுத்து இல்லைன்னு எதை வெச்சு முடிவு பண்ண?”

பதில் வராது. கழுத்தைத் தொட்டே பார்த்திருக்க மாட்டீர்கள். மறுபடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வி ஒரு புத்தகத்தின் ஒரு அத்தியாயத்துக்குச் சமம். இதை வாரா வாரம் எதிர்கொண்டால், ஆறு மாதத்தில் அந்தக் கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுவீர்கள்.

கை சம்பந்தப்பட்ட பாடம் வேறு. மூட்டை அதன் எல்லைவரை கொண்டுபோய் நிறுத்தும்போது கைக்குக் கீழே என்ன தெரிகிறது என்பதை எண்ட் ஃபீல் என்கிறோம். எலும்பு எலும்பில் முட்டினால் சட்டென்று நிற்கும். மூட்டுறை இறுகியிருந்தால் தோல் வாரை இழுப்பதுபோல் கொஞ்சம் கொடுத்து நிற்கும். வலிக்குப் பயந்து தசை இறுகினால், எல்லைக்கு வெகு முன்னாலேயே துள்ளித் தடுக்கும். மூன்றையும் எழுதிவிட்டேன், படித்துவிட்டீர்கள். ஆனால் வழிகாட்டி உங்கள் கையின் மேல் தன் கையை வைத்து, “இதோ, இங்க, இதுதான்” என்று அழுத்திக் காட்டும்வரை உங்கள் விரலுக்கு அது தெரியாது. பிழைபட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

நம் பக்கத்து நோயாளிகள்

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டிலில் படுத்து, மேற்கத்தியக் கழிப்பறை உபயோகிக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. நம்மிடம் வருபவர்கள் வேறு. ஓராண்டுப் பயிற்சிக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது பின்வரும் நான்கு வகைகளில் ஒவ்வொன்றிலும் போதுமான பேரை முதல் நாளிலிருந்து கடைசிநாள்வரை பார்த்திருக்க வேண்டும்.

முழங்கை. ஆவடிப் பக்கம் எலும்பு முறிந்தால் கணிசமானோர் இன்றும் முதலில் போவது புத்தூர் கட்டுக்கு. ஆந்திராவில் உள்ள புத்தூருக்கே நேரில் போகிறவர்களும் உண்டு, அந்தப் பெயரில் சென்னை நெடுக இருக்கும் வைத்தியசாலைகளுக்குப் போகிறவர்களும் உண்டு. செலவு குறைவு, ஆபரேஷன் பயம் இல்லை, தாத்தா காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. இவர்களைத் திட்டி ஒரு பயனும் இல்லை. எலும்பு விலகாத சாதாரண முறிவு கட்டிலேயே கூடிவிடுவதும் உண்மைதான். ஆனால் முழங்கைக்குப் பக்கத்தில், அதுவும் குழந்தைக்கு முறிந்தால் கதை வேறு. கட்டு இறுகி உள்ளே அழுத்தம் ஏறினால் முன்கைத் தசைகள் ரத்தமின்றிச் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். வோக்மன் கான்ட்ராக்சர் என்று படித்திருப்பீர்கள். கட்டுப் போட்ட கையோடு அழுதுகொண்டே வரும் குழந்தையின் விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது அது அலறினால் நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கட்டைத் தளர்த்தி, உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லும் வேலை அது இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு வருபவர்கள் அடுத்த பிரச்சினை. முழங்கை விறைத்திருக்கும். வீட்டில் தினமும் எண்ணெய் போட்டு நீவி, இழுத்து மடக்கியிருப்பார்கள். அடிபட்ட முழங்கையைப் பலமாக நீவுவதும் இழுப்பதும் தசைக்குள் புது எலும்பு உண்டாகக் காரணமாகலாம், மையோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ். இதே தவறைப் பயிற்சி போதாத பிசியோவும் செய்வதுண்டு, அங்கே எண்ணெய் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். முழங்கையில் நோயாளி தானே அசைக்கும் அசைவுதான் மருந்து. மடக்கும்போது துள்ளித் தடுக்கிறதா, சட்டென்று நிற்கிறதா என்று கைக்குத் தெரிந்தால்தான் எங்கே நிறுத்துவது என்பது தெரியும். அன்றாட வேலைகளுக்கு முழங்கையில் சுமார் 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிவரை அசைவு இருந்தால் போதும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக மடக்கும் பக்கம்தான் அதிகம் தேவை. கடைசிப் பத்து டிகிரி நீட்டலுக்காக ஒரு பிள்ளையின் முழங்கையை வதைக்க வேண்டியதில்லை.

முழங்கால். நடப்பதற்கு முட்டி 60, 70 டிகிரி மடங்கினால் போதும். படி இறங்க 90க்கு மேல். இந்தியக் கழிப்பறையில் குந்த 130க்கு மேல். முட்டி மாற்று ஆபரேஷன் செய்த அம்மாவிடம் 110 வந்துவிட்டது, அருமை என்று நாம் மகிழ்வோம். அவர் “பூஜை ரூம்ல கீழ உக்கார முடியலையேப்பா” என்பார். ஆபரேஷனுக்கு முன்பே இந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டும். நடந்திருக்காவிட்டால் நீங்கள் நடத்துங்கள்: வீட்டில் கழிப்பறை என்ன வகை, படுப்பது தரையிலா கட்டிலிலா, எத்தனை படி. முடிந்தால் ஒரு நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடிப் போகிறார்கள். அப்படிப் போகிற ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், வீட்டில் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த பயிற்சியில் எத்தனை அந்த வீட்டில் செய்ய முடியாதவை என்று தெரியவரும்.

தோள்பட்டை. சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய ஊரில் ஃப்ரோசன் ஷோல்டர் தினசரி வரும். பின்பக்க பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை என்று வருவார்கள். ரத்தச் சர்க்கரை அளவைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இது மாதக் கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் இழுக்கும். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்து சிட்டிங்கில் சரியாகும் என்று பணம் கட்டச் சொல்வது ஏமாற்று. வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் வலுவாக இழுக்கவும் கூடாது.

தொழிற்சாலை இடுப்பு. 1960களிலிருந்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் இந்தப் பக்கத்து வாழ்க்கையை அமைத்தவை. லேத், பிரஸ், பேக்கிங், லோடிங். இவர்கள் “ஜவ்வு விலகிடுச்சு, தேய்மானம்னு ஸ்கேன்ல இருக்கு” என்று எம்.ஆர்.ஐ. உறையோடு வருவார்கள். வலியே இல்லாத நடுவயதினர் பலருக்கும் ஸ்கேனில் இதெல்லாம் தெரியும் என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லப் பழகுங்கள்; அதைப் பொறுமையாகச் சொல்வதே பாதி சிகிச்சை. பிறகு வேலையைக் கேளுங்கள். மிஷின் எவ்வளவு உயரம், ஷிஃப்டில் எத்தனை முறை குனிகிறார், கான்ட்ராக்ட் ஆளா, லீவு போட்டால் கூலி உண்டா. கூலி இல்லாதவரிடம் மூன்று வாரம் ஓய்வு எடுங்கள் என்பது ஆலோசனையே இல்லை.

இந்த நான்கு வகைக்கு வெளியே, விபத்தில் கால் முறிந்து வரும் இளைஞர்கள் ஐந்தாவது கூட்டம். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்குப் பின்வரும் மாதங்களின் பாரம் வீட்டின் மேலும் பிசியோவின் மேலும் விழுகிறது. இவர்களைப் பெரிய மருத்துவமனை நாளில் பாருங்கள். சர்ஜனின் ரவுண்ட்ஸில் நின்றால்தான் எக்ஸ்ரேயில் எலும்பு கூடுவதைப் படிக்க வரும்.

தொடவே கூடாத நேரங்கள்

இடுப்பு வலியோடு சிறுநீர் போகாமல் தேங்கினாலோ, இரு தொடைகளுக்கும் நடுவில் மரத்துப்போனாலோ அன்றே அவசரப் பிரிவு. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர் ஆர்த்தோ பக்கம் வர வேண்டாம். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரியில் எழுப்பும் முதுகு வலி என்றால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். மேலை நாட்டுப் புத்தகத்தில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும், நமக்கு அது போதாது. முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி வந்தால் முதலில் டாக்டர். ஆபரேஷனுக்குப் பின் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நீவக் கூடாது, ரத்தக்கட்டி இருக்கலாம். சுளுக்கிய கணுக்காலுக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவெடுக்க 1992இல் வெளியான ஒட்டாவா விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின் விளிம்பில் கீழ் ஆறு சென்டிமீட்டருக்குள் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே.

நோட்டு

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம். வயது, வேலை, எந்தப் பக்கம், என்ன பிரச்சினை போதும். முதல் நாள் நீங்கள் நினைத்த மூன்று காரணங்கள், அளந்த டிகிரி, வழிகாட்டி சொன்னது, பிறகு என்ன ஆயிற்று. கடைசிப் பத்திதான் முக்கியம். வராமல் நின்றுபோனவருக்குப் போன் செய்து கேட்டாவது அதை நிரப்புங்கள். நின்றுபோனவர்கள் குணமாகிவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிப் பேர் வேறு எங்கோ போயிருப்பார்கள்.

முன்னேற்றத்தை அளக்க, கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்டும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஓர் எளிய முறை போதும். எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று நோயாளியையே சொல்லச் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண்ணும் அவரே போடுவது. கோலம் போட 2, ரேஷன் கடை வரிசையில் நிற்க 4, பஸ் படி ஏற 3. நாலு வாரம் கழித்து மறுபடி கேட்பது. மொழிபெயர்ப்பும் வேண்டாம், அச்சடித்த தாளும் வேண்டாம்.

இந்த ஆண்டுக்குப் பிறகு

இது எம்.பி.டி.க்கு மாற்று அல்ல. ஆசிரியர் வேலை, பெரிய மருத்துவமனை வேலை எல்லாவற்றுக்கும் எம்.பி.டி. கேட்பார்கள். ஆனால் ஓராண்டு நோட்டோடு அங்கே போகிறவருக்கு ஆய்வுத் தலைப்பைத் தேட வேண்டியிருக்காது. தன் நோட்டிலேயே கேள்வி இருக்கும். அமெரிக்க ரெசிடென்சிதான் இலக்கு என்றால், அங்கே உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்டாக ஆன பிறகே சேர முடியும். படிப்பை மதிப்பீடு செய்து, தேசியத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, அதற்குப் பிறகு. இடையில் ஏஜென்ட் யாராவது நேரடியாகச் சேர்த்துவிடுவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

நம் நாட்டில், 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் பிசியோதெரபியை ஒரு தனித் தொழிலாக அங்கீகரித்து, தேசிய ஆணையத்துக்கும் மாநில கவுன்சில்களுக்கும் பதிவேட்டுக்கும் வழி செய்திருக்கிறது. 2025இல் ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டம் பி.பி.டி.யை ஐந்தாண்டாக்கி, அதில் முழு ஓராண்டை இன்டர்ன்ஷிப்புக்கு ஒதுக்குகிறது. நல்ல மாற்றம். ஆனால் இன்டர்ன்ஷிப் ஆறு மாதமானாலும் பன்னிரண்டு மாதமானாலும், பக்கத்தில் நிற்கிறவர் இல்லையென்றால் அதே கரண்ட் வைக்கிற வேலைதான் நீளும்.

அதனால் இந்த அத்தியாயத்தின் கடைசி வரிகள் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு இல்லை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பத்து, பதினைந்து வருடமாகக் கிளினிக் நடத்தும் மூத்தவர்களுக்கு. உங்கள் கதவைத் தட்டி ஒரு பி.பி.டி. பிள்ளை புதன், சனி ஒன்றரை மணி நேரம் கேட்டால், தயவுசெய்து கொடுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு இரண்டு நோயாளிகளின் வருமானம் குறையும். அதைக் கணக்கில் வைத்துத்தான் கேட்கிறேன்.